வேண்டாம்: எழுவாய் இல்லாத ஒரு பெயர்

பழைய திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் ஓர் ஊருக்கே பெண் பெயர்: பூவிருந்தவல்லி. பூவில் இருந்த வல்லி என்று தாயாரைக் காட்டி விளக்கம் சொல்வார்கள். அதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில், திருத்தணி பக்கத்து நாராயணபுரத்தில், பெண்ணுக்கு வைக்கிற பெயர் 'வேண்டாம்'. தெய்வப் பெண்ணுக்குப் பூ கிடைத்தது. மனுஷப் பெண்ணுக்கு இதுதான் கிடைத்தது.

2019இல் இந்தப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. அந்த ஊரிலிருந்து வந்து சென்னைப் புறநகரில் பொறியியல் படித்த ஒரு மாணவிக்கு ஜப்பான் கம்பெனியில் வருஷத்துக்கு 22 லட்ச ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. மாவட்ட நிர்வாகம் அவரைப் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் தூதராக அறிவித்தது. 'வேண்டாம்' என்ற பெண் எல்லாருக்கும் வேண்டியவளாகிவிட்டாள் என்று பத்திரிகைகள் எழுதின. படித்தவர்கள் நெகிழ்ந்தார்கள். அந்த நெகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பெயரை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். வரிசையாகப் பெண்ணே பிறந்தால் ஒருத்திக்கு 'வேண்டாம்' என்று வைக்க வேண்டும், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. ஏன் இது செத்துப்போகாமல் நிற்கிறது? பிறக்கிற குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி ஆண்தான். யாருக்கு எந்தப் பெயரை வைத்தாலும் பாதி வீடுகளில் அடுத்தது பையனாகத்தான் பிறக்கும். பலித்த வீட்டைப் பற்றி ஊரே பேசும். பலிக்காத வீட்டில் இன்னொரு பெண் வளரும், அவ்வளவுதான். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. பழி மட்டும் தாயின் வயிற்றுக்கும் மகளின் பெயருக்கும் போகிறது.

இதை மதுரைப் பக்கத்துப் 'போதும்பொண்ணு'வோடு சேர்த்துப் படிக்கலாம். மகாராஷ்டிரத்தில் 'நகுஷா' என்று வைப்பார்கள். 'வேண்டாதவள்' என்றுதான் அதற்கும் பொருள். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் இந்தப் பெயர் கொண்ட 285 பெண்களுக்கு விழா நடத்திப் புதுப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் 'குப்பம்மா'வை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. குழந்தை பிறந்து பிறந்து செத்துப்போகிற வீட்டில், அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பு என்றும், பிச்சை வாங்கியதாகச் சொல்லிப் பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். எமனை ஏமாற்றுகிற தந்திரம் அது. 'இது ஒன்னுத்துக்கும் ஆவாத குப்பை, இத்தப் போய் எடுத்துக்கினு போவாதே' என்று சாவிடம் சொல்கிற பொய். பெயரில் இழிவு இருக்கிறது, பின்னால் பாசம் இருக்கிறது. 'வேண்டாம்' தந்திரமில்லை. அது உண்மையாகவே சொல்லப்படுகிறது. குப்பம்மா என்ற பெயர் அந்தக் குழந்தை உசிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. 'வேண்டாம்' என்ற பெயர் அடுத்துப் பிறக்கப்போகிற பையனுக்காக வைக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயர்கூட அவளுக்குச் சொந்தமில்லை. அவள் கடவுளுக்குப் போட்ட ஒரு கடுதாசி.

இங்கே இலக்கணத்தையும் பார்த்துவிடலாம். வேறு, இல்லை, உண்டு ஆகியவை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறது நன்னூல். 'வேண்டும்' என்பதையும் இன்று பொதுவினையாகப் பாடம் நடத்துகிறோம். அதன் எதிர்மறை 'வேண்டாம்'. எனக்கு வேண்டாம், உனக்கு வேண்டாம், அவனுக்கு வேண்டாம், எதற்கும் விகுதி மாறாது. யாருக்கு வேண்டாம் என்பதைச் சொல் காட்டிக்கொடுக்காது. அப்பனுக்கா, மாமியாருக்கா, சாமிக்கா, நிலத்துக்கு வாரிசு கேட்கிற சொத்துரிமைக்கா? சொன்னவர் மறைந்துகொண்டார், சொல்லப்பட்டவள் மட்டும் ஆயுசுக்கும் சுமக்கிறாள். எழுவாயை மறைத்துவிட்டுப் பயனிலையை அடிமையின் தலையில் கட்டுவது ஆதிக்கத்தின் பழைய வேலை. 'தீட்டு' என்ற சொல்லும் அப்படித்தான் நம்மேல் ஒட்டப்பட்டது.

மனு இதைச் சட்டமாகவே எழுதினான். இரண்டாம் அத்தியாயத்தில் பார்ப்பனன் பெயர் மங்கலமாக, சத்திரியன் பெயர் பலமாக, வைசியன் பெயர் செல்வமாக, சூத்திரன் பெயர் இழிவாக இருக்க வேண்டும் என்கிறான். இதை மேடைதோறும் பேசியிருக்கிறோம். ஆனால் அதற்கு அடுத்து ஒரு சுலோகம் தள்ளி அவன் பெண்ணுக்குச் சொன்னதை அதிகம் பேசவில்லை. பெண் பெயர் சொல்ல எளிதாக, இனிமையாக, மங்கலமாக, நெடில் ஓசையில் முடிவதாக இருக்க வேண்டுமாம். பெண்ணை மதித்துச் சொன்னது மாதிரி தெரியும். மேல்சாதி வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு 'சம்பூர்ணம்' என்றும் 'மங்களம்' என்றும் வைக்கிற வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். சம்பூர்ணம் என்றால் நிறைந்துவிட்டது. கச்சேரியில் மங்களம் பாடினால் முடிந்துவிட்டது. பச்சைத் தமிழில் சொன்னால் போதும்பொண்ணு. ஒரே 'போதும்' சமஸ்கிருதத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருகிறது, கிராமத்தில் கட்டிய துணியோடு வருகிறது. பின்னதைப் பார்த்துத்தான் நகரம் 'ஐயோ, அறியாமை' என்கிறது.

அரசாங்கத்தின் மொழியும் இதற்கு வெளியே இல்லை. தமிழ்நாடு அரசின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் 1992இல் வந்தது. ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகள். அண்ணனோ தம்பியோ உள்ள பெண்ணுக்கு அந்த வைப்புத்தொகை கிடையாது. பையன் இல்லாத நஷ்டத்துக்கு ஈடு என்று வாசித்தால் தப்பா? கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 943. கணக்கில் குறைகிறவர்களில் பிறக்க விடாமலே 'வேண்டாம்' என்று சொல்லப்பட்டவர்கள் உண்டு. ஸ்கேன் மெஷின் பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாராயணபுரத்துக்காரர்கள் பெயர் வைத்தார்கள், வளர்த்தார்கள், படிக்கவும் வைத்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருத்தணி லோக்கலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணைத் தெரியும். இதே பெயர். அரசிதழில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமே என்றேன். "இன்னாத்துக்குக்கா மாத்தணும்? இந்தப் பேர்லதான் பத்தாவது பாஸ் பண்ணேன். இந்தப் பேர்லதான் சம்பளம் வருது. ஸ்கூல்ல டீச்சரு 'வேண்டாம்'னு கூப்புடுவாங்க, நான் 'உள்ளேன் ஐயா'ன்னுவேன். புள்ளைங்கல்லாம் சிரிக்கும். நான் உக்கார மாட்டேன், இன்னொரு தபா சொல்லுவேன்."

இதைக் கேட்டு உடனே எதிர்ப்புக் குரல் என்று கொண்டாடிவிடக் கூடாது. 'தலித்' என்ற சொல்லுக்கு நொறுக்கப்பட்டவர் என்று பொருள். அந்தச் சொல்லை நாமே எடுத்து நாமே கையில் பிடித்தோம். 'அரிஜன்' மற்றவர் வைத்தது, அதனால் தூக்கிப்போட்டோம். 'வேண்டாம்' மற்றவர் வைத்தது. வைத்துக்கொள்வதா போடுவதா என்று தீர்மானிக்கிற உரிமை அந்தப் பெண்ணுடையது, கலெக்டருடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. அம்பேத்கர் பெயர் அற்பமானது என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் இந்து சமூகத்துக்குள் இருந்துகொண்டே பெயரை மட்டும் மாற்றுவதால் தீண்டாமை போகாது என்று விளக்கினார். சாத்தாராவுக்கும் அதுதான் பதில். பெயரை மாற்றலாம், பெயர் வைத்த வீட்டையும் மாற்ற வேண்டும்.

பத்திரிகைகள் எழுதிய கதையின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 22 லட்சம் சம்பாதித்ததால் வேண்டியவள் ஆனாள் என்றால், பத்தாவது பெயிலாகி வீட்டில் இருக்கிற 'வேண்டாம்' இன்னும் வேண்டாதவள்தானா? பையனாகப் பிறந்தவன் எந்தப் பரீட்சையும் எழுதாமலே வேண்டியவன் ஆகிறான். பெண் மட்டும் ஜப்பான் வரைக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும்.

கடைசியாக நம் வாசலுக்கு வருவோம். இந்த ஆசை ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமில்லை. ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி வரை நம் தெருக்களில் அம்பேத்கர் இருக்கிறான், புத்தன் இருக்கிறான், தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கம் கொடுத்த வளவன்கள் இருக்கிறார்கள். இயக்கத்தின் வரலாற்றை மகன்மேல் எழுதுகிறோம். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மேடைகளில் தலைமை தாங்கிப் பேசிய மீனாம்பாள் சிவராஜ் (1904–1992) பெயரை எத்தனை மகள்களுக்கு வைத்தோம்? சாவித்திரிபாய் பூலே பெயரை? மூன்றாவது பெண் பிறந்தால் நம் தோழர்கள் வீட்டிலும் முகம் சுண்டுகிறது. வாய் திறந்து சொல்வதில்லை. நாராயணபுரம் அதை வாய்விட்டுச் சொல்லி, பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் எழுதி வைத்துவிட்டது. அந்த வாக்கியத்தின் எழுவாய் யார் என்று கேட்டால், நாமும் கை தூக்கத்தான் வேண்டியிருக்கும்.