எட்டு பேரிங்கும் ஓர் எதிர்மரையும்

காரையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. பெரம்பலூர் மாவட்டத்தில் மலைப்பாதை சைக்கிளைப் பற்றிப் பேச வருபவர் எவரும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஓட்டத் தெரிந்தவரின் கண் முதலில் போய் விழும் இடமே அதுதான். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே களிமண் மேடுகளை மழை அரித்து அரித்து, கூரிய முகடுகளும் குறுகிய ஓடைகளுமாக வகுந்து போட்டிருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வர்ஜின் என்ற சிற்றூரின் அருகே, 2001இல் தொடங்கிய ரெட்புல் ராம்பேஜ் போட்டியின் படங்களைப் பார்த்தவர்களுக்குக் காரை உடனே அடையாளம் தெரியும். அதே முகடு, அதே சரிவு.

ஆனால் இது கடலின் தரை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடல். அம்மோனைட்டுகளின், விரல் நீளப் பெலம்னைட்டுகளின் புதைபடிவங்கள் மண்ணின் மேலேயே கிடக்கின்றன. ஜிப்சத் தகடுகள் வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல் மின்னுகின்றன. இந்திய புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னங்களில் சேர்த்திருக்கிறது. சாத்தனூரில் 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரத்துக்கு வேலியும் காவலும் உண்டு. காரையின் சின்னச் சின்னக் கிளிஞ்சல்களுக்கு யார் வேலி போடுவது? முரட்டு டயர் ஒருமுறை உருண்டால் போதும், பொடிதான். அங்கே சைக்கிளைச் சாலையோரம் சாத்திவிட்டு நடக்க வேண்டும்.

ஓட்டுவதற்கு மேற்கே பச்சைமலை இருக்கிறது. பெரம்பலூர், திருச்சி, சேலம் மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கும் இந்த மலைத்தொடரின் அடிவாரத்தில் செம்மண் சரளை, உருட்டுக் கல், வேர் புடைத்த ஒற்றையடிப் பாதை எல்லாம் உண்டு. காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஊர்ப் பொதுவழிகளும் காட்டோரத் தடங்களுமே ஒருவருக்கு ஆயுள் முழுக்கப் போதும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் நிலம் தணிந்து சுண்ணாம்புக்கல் பூமியாகிறது. சிமெண்ட் ஆலை லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி பாதையோரப் புல்லில்கூடப் படிந்திருக்கும். நடுவில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல். மழை பெய்த மறுநாள் அதில் இறங்கினால் பத்தடிக்குள் சக்கரம் ஃபோர்க்கில் அடைத்து நின்றுவிடும்.

புழுதி, முள், வெயில், கரிசல். இந்த நான்கையும் தாங்குவது எது என்று கேட்டுத்தான் இங்கே சைக்கிள் தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரத்தில் வீரர்கள் பாறையிலிருந்து குதிப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டாம் மாதம் வண்டி கிறீச்சிடும்.

முன்னும் பின்னும் ஷாக் வைத்த சைக்கிள் என்றதும் பலருக்கு நினைவு வருவது, கடை வாசலில் தொங்கும் சிவப்பு ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டிதான். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் இருப்பது வெறும் ஸ்பிரிங். அமுங்கிய வேகத்திலேயே எகிறும். எகிறலை எண்ணெயால் அடக்கும் டேம்பர் இல்லாத ஷாக், ஓட்டுபவரைக் குதிரையைப் போல் உதறும். அதற்குப் பதில் அதே காசுக்குப் பின்ஷாக்கே இல்லாத நல்ல சைக்கிள் வாங்கலாம்.

நல்ல வண்டியை ரசிப்பதற்கான பாடம் நம் ஊர் சைக்கிள் கடையிலேயே இருக்கிறது. அதன் பெயர் ஓவராயிலிங். ஹப்பைக் கழற்றி, பால்ரஸ் குண்டுகளைத் தட்டில் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கப்பிலும் கோனிலும் விரலால் புது கிரீஸ் வழித்து, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து மூடும் அந்த வேலையைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்க்காதவர்கள் குறைவு. மலை சைக்கிளின் பிறப்புக் கதையும் இதே கிரீஸில்தான் தொடங்குகிறது. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், பழைய கனத்த சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கும் பந்தயம் ஒன்றை இளைஞர்கள் சிலர் நடத்தினார்கள். பின்பக்கம் பெடலை மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக், இறங்கி முடிப்பதற்குள் கொதித்து கிரீஸைப் புகையாக விட்டுவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. நம் கடைக்காரர் ஒருவர் அங்கே போயிருந்தால் மொழி தெரியாமலே சேர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. 1989இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஷாக் வைத்த முன்ஃபோர்க் விற்பனைக்கு வந்தது. மறுவருடம் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அதை வைத்து இறக்கப் பந்தயத்தை வென்றார். அந்தப் பத்தாண்டிலேயே பின்ஷாக்கும் வந்து நிலைத்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் நுழைந்தது.

இந்தக் கதையில் ரசிகர்கள் கவனிக்காமல் விடும் ஒரு வேடிக்கை, கோணம். நம் அப்பாக்கள் ஓட்டிய உயரமான கறுப்பு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹேண்டில்பார் குழாய் நன்றாகச் சாய்ந்து, முன்சக்கரம் தள்ளி நிற்கும். தரையோடு 66, 67 பாகை கோணம். குண்டும் குழியுமான பாதையில் கைவிட்டாலும் நேரே போகும் வண்டி அது. 1990களின் மலை சைக்கிள்கள் பந்தய வண்டியைப் பார்த்து 71 பாகைக்கு நிமிர்ந்து நின்றன; சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தார். முப்பது வருடம் அரையரைப் பாகையாகச் சாய்த்து, இன்று முரட்டு ஓட்டத்துக்கான வண்டிகள் 64, 65 பாகையில் வந்து நிற்கின்றன. காரணங்கள் வேறு, பாதை வேறு என்றாலும், நெல் மூட்டை சுமந்த வண்டியின் சாய்வுக்கு உலகம் சுற்றித் திரும்பியிருக்கிறது என்பதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

சரி, வாங்கும் வண்டிக்கு வருவோம். பச்சைமலை மாதிரி இடத்துக்கு ஷாக் அமுங்கும் தூரம் முன்னும் பின்னும் 140 முதல் 160 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஏற்றத்தில் சுமக்கும் பாரம்தான் மிச்சம். உண்மையான தேர்வு பின்சட்டத்தில் இருக்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டம் எத்தனை இடத்தில் மடங்குகிறது என்று எண்ண வேண்டும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஆரஞ்சு கம்பெனி பல்லாண்டுகள் செய்த வண்டிகளில் ஒரே ஒரு மடக்கு. அலுமினியத் தகட்டை மடித்துப் பற்றவைத்த பெட்டி மாதிரியான சட்டம்; அழகென்று சொல்ல முடியாது, ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டிய பேரிங் இரண்டே இரண்டு. இதற்கு எதிர்முனை ஹார்ஸ்ட் லைட்னர் கண்ட நாலு கை இணைப்பு. சக்கர அச்சுக்கு முன்னால், கீழ்ச்சட்டத்திலேயே ஒரு மடக்கு வரும். பிரேக் பிடித்தபோதும் ஷாக் சுதந்திரமாக வேலை செய்யும். அந்தக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. 2013இல் அது காலாவதியானதும் மற்றவர்கள் பலரும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஓடும் சுகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் பொதுவாக எட்டு பேரிங், எட்டும் புழுதி தின்னும்.

எட்டு பேரிங் கூடாது என்பதல்ல. எட்டையும் கழற்ற முடியுமா என்பதே கேள்வி. பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். எண் பொதுவானதாக இருந்தால், தண்ணீர் மோட்டாருக்கு 6204 கேட்டு வாங்குகிற அதே கடையில் சொல்லி வரவழைக்கலாம். கம்பெனி தனக்கென்று அச்சடித்த விசித்திர அளவாக இருந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சாண்டா குரூஸ் வண்டிகளை இந்த விஷயத்தில் மெச்ச வேண்டும். முதல் உரிமையாளருக்கு மடக்கு பேரிங்குகளை ஆயுள் முழுக்க இலவசமாகத் தருகிறார்கள். அவர்களுடைய இரட்டை இணைப்பு வண்டிகளின் கீழ் இணைப்பில் கிரீஸ் துளையும் உண்டு. டிராக்டர் நிப்பிளில் கிரீஸ் அடித்துப் பழகிய ஊரில் அதைக் கண்டால் ஒரு சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கும். பழைய கறுப்பு சைக்கிளின் ஹப்பிலும் சிறு மூடி போட்ட எண்ணெய்த் துளை இருந்ததே!

அடுத்தது கிராங்க் உட்காரும் குழல். பல வருடங்களாக இலகு என்ற பெயரில் அங்கே பேரிங்கை மரையில்லாமல் அடித்து இறக்கினார்கள். புழுதி புகுந்ததும் ஒவ்வொரு மிதியிலும் முனகும். சலித்துப்போன ஓட்டுநர்கள் கேட்டுக் கேட்டு, பல பெரிய கம்பெனிகள் மரைக்குத் திரும்பியிருக்கின்றன. அந்த மரையின் பெயர் பி.எஸ்.ஏ. ஆமாம், பெண் பிள்ளைகள் பள்ளிக்கு ஓட்டிப்போன அதே பி.எஸ்.ஏ. 1861இல் தொடங்கிய பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனி; அதன் பெயரில்தான் 1949இல் பிறந்த நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டி விற்றது. குழலின் இரு பக்கக் கப்புகளுக்கும் அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கப்பு மட்டும் எதிர்மரை, மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. ஐம்பதாயிரமோ ஐந்து லட்சமோ, வண்டி விவரத்தில் ‘பி.எஸ்.ஏ. மரை’ என்று கண்டால் பாதி நிம்மதி.

சக்கரத்தில் கஞ்சத்தனம் கூடாது. நம் கறுப்பு சைக்கிளுக்கு முன்னே 32, பின்னே 40 கம்பிகள். இன்றைய விளிம்புகள் வலுவானவை, 40 தேவையில்லை. ஆனால் எடை குறைக்க 24, 28 என்று இறங்கும் சக்கரத்தைவிட 32 கம்பிச் சக்கரமே இங்கே மேல். கம்பியின் தலை வளைந்த பழைய வகையாக இருந்தால் நல்லது. ஒன்று முறிந்தால் அளவு சொல்லி வாங்கி, கோட்டம் எடுக்கத் தெரிந்த எந்தக் கடையிலும் மாட்டிக்கொள்ளலாம். டியூப் இருக்கவே கூடாது. சீமைக் கருவேல முள் ஓரங்குலத்துக்கு மேல் இறங்கும். ஒரே நாளில் ஐந்து பஞ்சர் சாதாரணம். டயருக்குள் ஊற்றும் ரப்பர்ப்பால் திரவம் முள் துளையைத் தானே அடைத்துவிடும். அதை மாற்றக் குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் கெடுவை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் அது சீக்கிரமே தோசைமாவு காய்ந்த மாதிரி உள்ளே ஒட்டிக்கிடக்கும்.

கார்பனா, அலுமினியமா என்ற சண்டைக்கு இந்த ஊரில் பெரிய இடமில்லை. கார்பன் வலுவானதுதான், ஆனால் கூரிய கல் ஒன்று தெறித்து அடித்த இடம் உள்ளே நைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். விரிசல் விட்டால் பற்றவைத்தபின் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டியிருப்பதால் தெருப் பட்டறை வேலையல்ல. பெரும்பாலோருக்கு அலுமினியமே சரி.

வாங்கிய பிறகு செய்யக் கூடாத ஒன்று, பைக் கழுவுகிற இடத்தில் வாட்டர் சர்வீஸ் விடுவது. அழுத்தத்தில் பாயும் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிவிடும். புழுதி ஒரு வருடத்தில் செய்வதை அது பத்து நிமிடத்தில் செய்யும். வாளித் தண்ணீர், பழைய பனியன் துணி, காய்ந்தபின் செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய். முன்ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற ராக்‌ஷாக்ஸ் சொல்லும் கணக்கு 50 மணி நேர ஓட்டம். வாரம் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதம்கூடத் தாங்காது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஓர் அலன் கீயைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. பின்ஷாக்கின் ஒரு முனைப் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்சட்டத்தைச் சக்கரத்தோடு கையால் தூக்கி மெல்ல இறக்கிப் பார்க்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் கிணற்று ராட்டினத்தில் வெறும் கயிறு இறங்குவதுபோல் சத்தமில்லாமல் இறங்கும். உள்ளே அரியலூர்ப் புழுதி இருந்தால், உள்ளங்கைக்கு முதலில் தெரியும், பிறகு காதுக்கும். அப்போது விலையில் எட்டு பேரிங்கின் காசைக் கழித்துக் கேட்கலாம்.