ஏ-101 எந்த மாடி?

காந்தி மார்க்கெட்டைத் திருச்சி நகரத்துக்கு வெளியே கொண்டுபோகும் பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. கள்ளிக்குடியில் கட்டிய வளாகத்துக்கு வியாபாரிகள் போக மறுத்தார்கள். கடைகள் சிறியவை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இப்போது பஞ்சப்பூரைச் சொல்கிறார்கள். அந்தத் தகராறு இருக்கட்டும். இப்படியொரு மார்க்கெட்டைக் கட்டும்போது வரைபடத் தாள்களுக்கு எப்படி எண் போடுவது என்பதுதான் இங்கே கேள்வி. பல பிளாக்குகள், ஒரே அச்சில் வார்த்த கடைகள், கிடங்கு, லாரி நிற்கும் இடம் என்று தாள்கள் பெருகிக்கொண்டே போகும். எண்முறையின் பலமும் ஓட்டையும் அங்கேதான் வெளிப்படும்.

பெரிய திட்டங்களில் நம் ஆர்கிடெக்ட்டுகள் பலர் எடுத்தாள்வது அமெரிக்க தேசிய கேட் (CAD, கணினிவழி வரைபடம்) தரநிலையின் சாயலில் அமைந்த முறை. முதலில் துறையின் எழுத்து: ஏ என்றால் கட்டடக்கலை, எஸ் ஸ்ட்ரக்சர், இ மின்சாரம். அடுத்த இலக்கம் தாளின் வகை: 1 பிளான், 2 எலிவேஷன், 3 செக்‌ஷன், 5 டீட்டெயில். கடைசி இரண்டும் வரிசை எண்.

இதன் லாபம் பெரியது. ஒன்றிலிருந்து நேராக எண் போட்ட தாள் கட்டின் நடுவே ஒரு பிளான் புதிதாகச் சேர்ந்தால், 12ஏ என்று ஒட்டுப்போட வேண்டும். இல்லையென்றால் பின்னால் உள்ள எல்லா எண்களையும் மாற்ற வேண்டும். மாற்றினால், செக்‌ஷனையும் டீட்டெயிலையும் சுட்டும் வட்டங்களுக்குள் எழுதிய தாள் எண்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். வகைவாரி எண்ணில் இந்தத் தொல்லை குறைவு. ஷட்டர் டீட்டெயிலை ஒருமுறை ஏ-501இல் வரைந்துவிட்டால் எல்லாக் கடைகளுக்கும் அதுவே போதும்.

ஆனால் அமெரிக்கர்களுக்குத் தரைத்தளமே முதல் மாடி. அங்கே ஏ-101 பெரும்பாலும் தரைத்தள பிளான். நம் கொத்தனார் 101ஐப் பார்த்தால் மேல்மாடி என்றுதான் நினைப்பார், அவர்மேல் குற்றமில்லை. போதாததற்கு, பிளாக்குகளுக்கும் ஏ, பி, சி என்றே பெயர் வைக்கிறோம். இ-101 என்பது இ பிளாக்கின் பிளானா, மின்சாரத் தாளா? கடைகளுக்கும் 101 என்று எண் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

நமக்கென்று தரநிலை இல்லையா என்றால், வரைபடங்களுக்கென்று ஐஎஸ் 962 என்ற இந்தியத் தரநிலை உண்டு. ஆனால் அதன் 1989ஆம் ஆண்டுத் திருத்தம், நம் அலுவலகங்களில் கணினி வரைபடம் பரவலாகும் முன்பே வந்தது.

ஸ்ரீரங்கத்தில் கட்டும் ஒரு தனி வீட்டுக்கு இத்தனை ஏற்பாடும் வீண். பிளான், செக்‌ஷன், சைட் பிளான் எல்லாம் ஒரே தாளில் அடங்கும் அப்ரூவல் பிளான் பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்தாறு தாள்களுக்கு 1, 2, 3 போதும்.

உண்மையான சேதம் ரிவிஷனில் நடக்கிறது. எண் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், கையில் இருப்பது நடப்புத் தாளா பழையதா என்பதை அது சொல்லாது. ஆர்2, அதாவது இரண்டாம் ரிவிஷன், வாட்ஸ்அப்பில் வந்துவிட்டிருக்கும். சைட் கொட்டகைச் சுவரில் ஆர்0 தொங்கும். கம்பி கட்டுபவர் சுவரைத்தான் பார்ப்பார். இதைச் சமாளிக்க ரிவிஷனைத் தாள் எண்ணோடு ஒட்டவைப்பவர்களும் உண்டு. அப்போது மறுபடியும் வட்டங்கள் பொய்யாகும்.

மார்க்கெட் போன்ற வளாகத்துக்கு என் தீர்ப்பு இது: வகைவாரி எண்ணை வைத்துக்கொள்ளலாம், மாடிக் கணக்கை நம் வழக்கப்படி மாற்ற வேண்டும், பிளாக்குகளுக்கு எழுத்து வேண்டாம். எண்களின் விளக்கம் முதல் தாளிலேயே தமிழில் இருக்கட்டும். புதிய தாள் கொடுக்கும்போது பழையதைத் திரும்ப வாங்கும் பொறுப்பை டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.