ஆவணமும் தொண்டும்

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் அறிவு பாதுகாப்பற்றது என்பதே அவ்விழப்புப் புகட்டிய பாடம். அப்பாடத்தைச் செயலாக்கியோருள் 2005இல் தோன்றிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் தொண்டர்கள் முதன்மையானவர்கள். ஊதியம் கருதாது அவர்கள் ஆற்றிய பணி போற்றற்குரியது.

ஆயின், போற்றுதலோடு நின்றுவிடுவது விமர்சனமாகாது. ஆவணப் பணி எதுவாயினும், எது எஞ்சவேண்டும் என்பதைத் தொண்டர் தீர்மானிப்பதற்கு முன்னரே வீட்டு அலுமாரி தீர்மானித்துவிடுகிறது. அலுமாரி உடையோரின் நூல்கள் எஞ்சுகின்றன. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமையை எதிர்த்துச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றோரின் துண்டுப்பிரசுரங்கள் ஓலைக்குடிசைகளில் தப்பிப் பிழைத்தல் அரிது. மலையகத் தோட்டத் தொழிலாளியின் வாழ்நாள் உழைப்போ, தோட்டத்துரையின் செக்றோலில் பெயரும் வேலைநாளுமாகவே சுருங்கிக் கிடக்கிறது.

எனவே, வந்து சேரும் ஏட்டைக் காப்பது தொண்டின் பாதியே. ஏடில்லாதோரின் வாசலுக்குச் சென்று அவர்தம் வாய்மொழியைப் பதிவதே மறுபாதி. அன்று இருபது வயதில் ஊர்வலம் சென்றவர்கள் இன்று எண்பதை அண்டிவிட்டனர். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரிலேயே இப்பணியைத் தொடங்கவேண்டும். தாமதம் இங்கே இன்னொரு தீவைப்பாகும்.