அணை முடியும் முன்னே வந்த நாணயம்

திருப்பனந்தாள்னு ஊர்ப் பேரைச் சொன்னா, நாணயம் சேக்குற நண்பர்கள் "பேர்லயே பணமும் தாளும் இருக்கே"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அது பணம் இல்லைங்க, பனை. எங்க கோயிலோட தலமரம். சரி, விஷயத்துக்கு வரேன்.

எகிப்தில் 1952ல் ராணுவ அதிகாரிகள் மன்னரை இறக்கிவிட்டு ஆட்சியைப் பிடிச்சாங்க. அவர்களில் ஒருவரான நாசர் அதிபராக இருந்த 1964ல், அஸ்வான் உயர் அணைக்காக 5, 10, 25, 50 பியாஸ்டர் என நாலு வெள்ளி நாணயங்கள் வந்தன. அணை கட்டி முடிந்ததோ 1970ல்! டெமோவைக் காட்டிட்டு ரிலீஸ் பார்ட்டி வைக்கிற கூத்தை எங்க மென்பொருள் தொழிலில் நிறையப் பாத்திருக்கேன். புது நாணயத்துக்கு முன்னாடி சில மாதிரிகள் அடித்துப் பார்ப்பது வழக்கம், தேர் வெள்ளோட்டம் மாதிரி. சரியில்லைன்னா ஓரங்கட்டிடலாம். மக்கள் கைக்குப் போன காசை அப்படிச் செய்ய முடியாது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த நாணயம் கொண்டாடுவது நைல் நதியைத் திருப்பிவிட்டதைத்தான். அது 1964 மே மாதம் உண்மையாகவே நடந்தது, குருஷேவே நேரில் வந்திருந்தார். ஆக, பொய்யின்னு சொல்ல முடியாது. என் குறை வேற. அணைத் தேக்கத்துக்காக நூபிய மக்களை ஊர் ஊராகப் பெயர்த்ததும் அதே 1963-64 காலம்தான். நதியின் திருப்பத்துக்கு வெள்ளி கிடைத்தது, அவங்களுக்குக் கிடைக்கலை. 1968ல் அணையின் மின்நிலையத்துக்கும் ஒரு பவுண்டு வெள்ளி நாணயம் போட்டாங்க.

ராணுவ ஆட்சி, அதான் அப்படின்னு நாம ஒதுங்கிக்க முடியாது. தேர்தலில் வந்த நம்ம அரசும் ஹிராகுட் அணையை 100 ரூபாய் நோட்டில் போட்டது. அங்கேயும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை இழந்தன. என்ன, நம்ம ஆட்கள் 1957ல் அணையைத் திறந்த பிறகு நோட்டு போட்டாங்க. அந்த வரிசை மட்டும் சரி.

வடிவமைப்பாக எனக்கு இன்னொரு உறுத்தல் உண்டு. அணை, தண்ணீர்னு படம் போட்டா வண்டல் அதில் எங்கே வரும்? உயர் அணைக்குப் பின் நைல் டெல்டாவுக்கு வண்டல் வருவது நின்னுபோச்சு, கடற்கரை அரிக்குது. எங்க பக்கம் மேட்டூர் 1934ல் வந்தது. ஜூன் 12ன்னா தண்ணி திறப்பாங்கன்னு காத்திருக்கிற ஊர்தான் இதுவும், மறுக்கலை. ஆனா பழைய வண்டல் இல்லைன்னு தாத்தா வயலுக்கு வண்டி வண்டியா எரு அடிச்சதை அப்பா இன்னிக்கும் சொல்வார்.