எண்ணூர்த் தூசிக்கு மலிவு மைக்ரோஃபைபர் போதுமா?

100 ரூபாய்க்குள் கிடைக்கிற மைக்ரோஃபைபர் துணியைக் காரின் பெயின்ட் மேல் நம்பி வைக்கலாமா, 500 ரூபாய்த் துணிதான் வாங்க வேண்டுமா? வடசென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு மலிவுத் துணியே சரி என்பேன். ஒன்றிரண்டு போதாது, மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊர்த் தூசி எப்படிப்பட்டது என்று பார்த்தால் காரணம் புரியும். 2011 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. ராயபுரத்துக்கு அது நிம்மதி; நிலக்கரியோ வடக்கே எண்ணூருக்குப் போனது. இன்று அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல், திருவொற்றியூர் வழியே வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற மண், கடற்காற்றின் உப்பு எல்லாம் ஒரே பானெட்டில் வந்து படிகின்றன. உப்பு ஈரத்தை இழுப்பதால் விடிகாலையில் அந்தத் தூசி அப்பிக்கொண்டு கிடக்கும். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். பெயின்ட்டைக் காக்கிற க்ளியர் கோட்டைவிட அவை மிகக் கடினமானவை. அந்தப் பூச்சோ பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வெயிலில் நிறுத்தும்போது சிலந்தி வலை மாதிரிக் கீறல்கள் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணியும் இதைத் தடுக்காது. முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கி, பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவித்தான் துணியைத் தொட வேண்டும்.

அப்படியானால் பனியன் வேஸ்ட்டே போதுமே என்று மெக்கானிக் ஷெட்டில் கேட்பார்கள். போதாது. மைக்ரோஃபைபர் பெரும்பாலும் 80 சதவீதம் பாலியஸ்டரும் 20 சதவீதம் பாலிஅமைடும் சேர்ந்த இழை. ஆலையில் அதை நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளக்கிறார்கள். மிச்சமிருக்கும் பொடித்தூசி அந்த இடுக்குகளுக்குள் போய்விடும். பருத்தியில் மண் மேலேயே நின்று அடுத்த இழுப்பில் கோடு போடும். மலிவில் வரும் ஆபத்து, இழையைப் பிளக்காமலேயே மைக்ரோஃபைபர் என்று விற்பது. கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: உலர்ந்த உள்ளங்கையில் துணியை மெல்ல இழுத்தால் பிளந்த இழை தோலின் சொரசொரப்பில் மாட்டிக்கொள்ளும், பிளக்காதது வழுக்கிக்கொண்டு போகும். வீட்டில் மேசை மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்தால் நல்லது உறிஞ்சிவிடும், போலி தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். பெயின்ட்டுக்கு 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) குறையாமல் பார்க்க வேண்டும். ஓரத்தைத் தடவிப் பார்ப்பது அதைவிட முக்கியம்: மலிவுத் துணியில் கீறுவது பெரும்பாலும் விறைப்பான ஓவர்லாக் தையலும் மூலையில் தைத்த லேபிளும்தான். லேபிளை வெட்டிவிடலாம், தையலை உள்ளே மடித்துப் பிடிக்கலாம்.

வாக்ஸ் போடும்போது மலிவுத் துணியின் பலம் நன்றாகத் தெரியும். 40 சென்டிமீட்டர் சதுரத் துணியை இரண்டு முறை மடித்தால் 8 முகங்கள் கிடைக்கும். நிழலில், தகரம் குளிர்ந்த பிறகு, மெல்லிசாகப் பூசி, வெளிறி மங்கியதும் ஒரு முகத்தால் வழித்தெடுத்து, இன்னொரு துணியின் புது முகத்தால் பளபளப்பாக்க வேண்டும். மெழுகு ஏறிய முகத்தாலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும். ஆகவே ஒரு காருக்கே நாலைந்து துணி செலவாகும்.

நல்ல துணி ஒன்றை வாங்கித் துவைத்துத் துவைத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாமே என்பது நியாயமான வாதம்; தூசி குறைந்த ஊரில் அது செல்லும். இங்கே ஒரு தடவை தரையில் விழுந்த துணியில் ஏறும் சிலிக்காத் துகள் துவைத்தாலும் முழுக்கப் போகும் என்ற உறுதியில்லை. 500 ரூபாய்த் துணியை ஒதுக்க மனம் வராது, பெயின்ட் மேலேயே மறுபடி வைப்போம். 80 ரூபாய்த் துணியானால் யோசிக்காமல் வீல் துடைக்க இறக்கிவிடலாம், பிறகு இன்ஜின் பக்கம். துவைப்பதிலும் கவனம் வேண்டும்: பருத்தித் துணியோடு சேர்க்கக் கூடாது, பஞ்சு ஒட்டும். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், இடுக்குகளை அடைத்துவிடும். மொட்டை மாடியில் காயப்போட்டால் அதே சாம்பல் துணியில் இறங்கும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் காய்வது நல்லது.

துவைக்கும்போது உதிரும் பிளாஸ்டிக் இழை தண்ணீரோடு கடலுக்குப் போகுமே என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2023 டிசம்பரில் எண்ணெய் பரவி நாசமான எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. சேர்த்து வைத்துக் கையால், குறைந்த தண்ணீரில் துவைத்தால் உதிர்வது குறையும், நிற்காது.

மலிவுத் துணி தோற்கிற இடம் ஒன்று உண்டு. கறுப்பு, அடர்நீலக் கார்களில் கடைசிப் பளபளப்புக்கு அதன் மேற்பரப்பு சற்று முரடு, மயிர்க்கோடுகள் தெரியும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஓரத் தையல் இல்லாத, 500 ஜிஎஸ்எம் துணி ஒன்று வாங்கிப் பையில் கட்டித் தனியாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளை, வெள்ளி நிறக் காருக்கு அதுவும் தேவையில்லை.