முதுகைத் திருப்பி நிற்பவர்

மிஷன் முடிந்து பட்டியல் திரையில் விழுந்ததும் எல்லாருடைய கண்ணும் போவது கில் எண்ணிக்கைக்குத்தான். அதில் எப்போதும் அடியில் கிடக்கிற ஆபீசர் வேடத்தில் ஆடுகிற ஒருவரைப் பற்றி இப்போது ஒரே பேச்சு: மற்ற மூவரும் சுடுகிறார்கள், இவர் கூடவே நடந்து வருகிறார் என்று. பெயர் வேண்டாம். ஏலியன் ஸ்வார்ம் என்ற வீடியோ கேமையும் அதிலிருந்து கிளைத்த ரியாக்டிவ் டிராப்பையும் விடாமல் பார்ப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். அந்த அணியில் ஆட்டத்தைப் புரிந்துகொண்டவர் யாரென்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். முன்னால் சண்டை கொதிக்கும்போது அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, அணி வந்த வழியைப் பார்த்து நிற்கிறார். தவறாகப் படிக்கப்படுவது அந்த ஒரு முடிவுதான்.

இந்தத் தவறு கேமராவில் தொடங்குகிறது. தலைக்கு மேலிருந்து பார்க்கிற ஆட்டம் என்பதால் நான்கு பேருக்குமே பின்பக்கம் தெரிகிறது. அதனால் பின்னால் தனியாகக் காவல் எதற்கு என்று தோன்றுகிறது. ஆனால் கண் சுற்றிலும் பார்த்தாலும் துப்பாக்கி ஒரு திசையைத்தான் பார்க்கும். எல்லாருக்கும் தெரிகிற ஆபத்தை இன்னொருவர் கவனிப்பார் என்று எல்லாருமே விட்டுவிடுவது வழக்கம். டிரோன்கள் என்கிற வேற்றுயிரிகள் தரையைப் பிளந்துகொண்டு முதுகுப்பக்கம் எழும்போது, மூன்று பேர் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள், முன்பக்கம் காலியாகிவிடுகிறது. சரக்கு லிஃப்ட் மிஷனில் திசை பிரித்து நிற்க வேண்டும் என்பது எல்லாருக்கும் புரிகிறது, ஏனென்றால் அங்கே நாலாபக்கமும் வெட்டவெளியாகக் கிடக்கிறது. ரிட்பெர்க் ரியாக்டர் மிஷனுக்குள் நுழைந்ததும், சுவர் இருக்கிற தைரியத்தில், அதே ஆட்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, குறுகிய நடைபாதையின் கணக்கு. இந்த ஆட்டத்தில் நம் குண்டு நம் ஆளையும் தாக்கும். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் போகும்போது முன்னால் உள்ள இருவர் மட்டுமே தடையில்லாமல் சுட முடியும். நான்காவது துப்பாக்கி முன்னே திரும்பினால் அதன் குண்டு போய்ச் சேர்வது தோழரின் முதுகில். ஆகவே அவர் திரும்பி நிற்பதால் அணி இழப்பது ஒன்றுமில்லை. அவர் கையில் இருக்கும் விண்டிகேட்டர் துப்பாக்கியின் தீக்குண்டும் அப்படித்தான். முன்னே வீசினால் நெருப்பு சொந்த ஆட்களையும் பிடிக்கும், பின்னே வீசினால் பாதையை மட்டும் எரிக்கும். இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. மேகசின் முழுவதும் தீராமல் ரீலோட் செய்தால் மிச்சக் குண்டுகள் வீண் என்பதால், முன்வரிசையில் இருவரும் கடைசிக் குண்டுவரை சுடுகிறார்கள். சில சமயம் இருவருக்கும் ஒன்றாகத் தீர்ந்துவிடுகிறது. அவர் முன்னே திரும்புவது அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். ஒரு பக்கம் நகர்ந்து, இருவருக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் சுட்டுவிட்டு, மறுபடி பின்னால் திரும்பிக்கொள்கிறார். பட்டியலில் இது நாலைந்து கில்லாகத்தான் தெரியும்.

கதவை வெல்டு வைத்து அடைத்தால் போதாதா என்பார்கள். வெல்டு வைக்கிற நேரத்தில் அந்த ஆளால் சுட முடியாது, அவருக்கே காவல் வேண்டும்; அடைத்த கதவையும் டிரோன்கள் உடைத்துவிடும்; பாலம் மாதிரியான இடத்தில் அடைக்கக் கதவே கிடையாது. புரூட்டல் என்ற கடின நிலையில் ஒவ்வொரு துப்பாக்கியும் முன்னே வேண்டும் என்ற வாதம் இதைவிடக் கனமானது. அந்த நிலையில் கூட்டம் தடிமனாக வருகிறது, கொல்லவும் நேரம் பிடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நிலையில்தான் பின்னாலிருந்து விழுகிற சில அடிகளே ஒருவரைச் சாய்த்துவிடுகின்றன. சாய்ந்தவர் டெக் என்றால், ஹேக் செய்ய ஆளில்லாமல் மிஷனே முடிந்துபோகிறது. மெடிக் தரையில் வைக்கும் ஹீல் பீக்கனும், அந்த வட்டத்துக்குள் அசையாமல் நிற்க முடிந்தால்தான் பலன் தரும்; பின்பக்கம் அமைதியாக இருந்தால்தான் நிற்க முடியும். அந்த ஆபீசரை மதிப்பிட விரும்புகிறவர்கள் அவருடைய கில்லை விட்டுவிட்டு, கூட வந்த மூவரும் வாங்கிய அடியைப் பார்க்கட்டும். இதில் நான் நடுநிலை வகிக்கவில்லை.

2004இல் அன்ரியல் டோர்னமென்ட் 2004க்கான மாடாகத் தொடங்கி, 2010 ஜூலையில் வால்வ் இலவசமாக வெளியிட்ட இந்த ஆட்டம் நான்கு பேருக்கென்று அளவெடுத்துக் கட்டப்பட்டது. 2017இல் வந்த ரியாக்டிவ் டிராப் எட்டுப் பேருக்கு இடம் கொடுத்தது. ஆள் கூடியும் நடைபாதை அகலமாகவில்லை. எட்டுப் பேர் ஓட்டங்களில் விரைவிலேயே பின்காவலுக்கு இரண்டு பேர் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். ஆட்டோகன் என்ற கனத்த துப்பாக்கியைத் தூக்குகிறவர்கள் ஒரு அணிக்கு இரண்டுக்கு மேல் இருக்க மாட்டார்கள். அந்த ஆபீசரின் கில் இன்னும் குறையும். பேச்சு தாங்காமல் அவருடைய அணி அவரை உட்காரவைத்துவிட்டு, சுடுகிற ஆள் ஒருவரைக் கொண்டுவரும். முதல் சில மிஷன்களில் எண்ணிக்கை ஏறும், எல்லாரும் கைதட்டுவார்கள். அதன்பின் டிமோர் ஸ்டேஷன் மிஷன் வரும். குண்டை இயக்கிவிட்டு வாசலை நோக்கி ஓடும்போது நான்கு துப்பாக்கியும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், கூட்டம் பின்னால் வரும். அடுத்த ஓட்டத்துக்கு அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.