நகர வேண்டியது நீதிபதியா, வழக்கா?

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் இருத்தலாகாது என்பது நாகரிக உலகம் ஒப்புக்கொண்ட விதி. நடுநிலை குறித்து ஐயம் எழுமிடத்து நீதிபதி தாமாகவே விலகிக்கொள்வது அவ்விதியினின்று பிறந்த நல்ல மரபு. ஆனால், அவர் விலகிய பின் புதிய நீதிபதி வழக்கைத் தேடி வருகிறாரா, அல்லது மக்கள் வழக்கின் பின்னால் அலைகிறார்களா? சட்டவல்லுநர் இதனை நிர்வாகச் சிக்கலாகக் காண்பர். நமக்கோ இது சமுதாயப் பிரச்சினை.

1962 ஆம் ஆண்டின் ஆட்சிக்கவிழ்ப்புச் சதி வழக்கை நினைவுகூர்வோம். நீதியமைச்சர் தெரிவுசெய்த மூன்று நீதியரசர்கள், அந்நியமனமே செல்லாதெனக் கூறி ஒதுங்கினர். அடுத்த குழுவில் ஒருவர், முன்னர் சட்டமா அதிபர் பதவியிலிருந்து அதே விசாரணைக்கு உதவியவர். ஆகவே அக்குழுவும் கலைந்தது. மூன்றாவது குழுவே 1965 இல் தீர்ப்பளித்தது; அத்தீர்ப்பையும் அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் மாறினர், வழக்கோ கொழும்பை விட்டு நகரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டோர் பொலிஸ், படை அதிகாரிகள், செல்வாக்குள்ள வர்க்கத்தினர்.

இனி வன்னிக்கு வருவோம். வவுனியா மேல் நீதிமன்றத்தில் நடைபெற்றுவந்த ஒரு வழக்கு, சாட்சிகளின் பாதுகாப்பைக் காரணங்காட்டி அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட தமிழ்க் கைதிகள் மூவர் 2017 இல் உண்ணாவிரதம் இருந்தனர். ஒக்டோபர் 13 ஆம் நாள் வடக்கெங்கும் கடையடைப்பு நிகழ்ந்தது.

ஏறத்தாழ 55 கிலோமீற்றருக்காகவா இத்தனை கிளர்ச்சி என்று கேட்போர் உளர். தூரம் மட்டுமன்று. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ், அநுராதபுரத்தில் சிங்களம். மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை உண்டென்பது மெய்யே. ஆயினும், தன் வாழ்வைத் தீர்மானிக்கும் வாதத்தை இரவல் நாவினால் கேட்பவனுக்கு அவ்வுரிமை எம்மட்டில் ஆறுதல்? நாட்கூலியை இழந்து வரும் தாய்க்கு ஒவ்வொரு தவணையும் ஒரு தண்டமே.

சாட்சிகளின் அச்சம் பொய்யென்று நாம் வாதிடவில்லை. கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கு கொழும்பில் நடந்தே 1998 இல் படையினர் தண்டிக்கப்பட்டனர். அங்கு இடமாற்றம் நலிந்தோர்க்குக் கேடயமாயிற்று. வவுனியா வழக்கிலோ வேறு வழி இருந்தது. 2015 ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம், ஒலி-ஒளித் தொடர்பின் மூலம் தொலைவிலிருந்தே சாட்சியமளிக்க இடமளித்திருந்தது. சாட்சியின் குரலை வவுனியாவுக்குக் கொண்டுவர முடிந்த காலத்தில், வழக்கையே பெயர்த்தது ஏன்?

நீதிபதியை மாற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். குருந்தூர்மலை வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தலும் மனஅழுத்தமும் காரணமெனக் கூறிப் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். மனச்சான்றுக்கு அஞ்சி விலகுவது நீதியின் வலிமை. உயிருக்கு அஞ்சி விலக நேர்வது நீதியின் தோல்வி. பின்னதை வெறும் வெற்றிடமாகக் கருதி இன்னொருவரை அமர்த்துவது, அச்சுறுத்தியவனுக்கே வெற்றியளிப்பதாகும்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. நீதிபதி விலகினால், நீதிச்சேவை ஆணைக்குழு வேறு மாவட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பட்டும். அவரை அரசு காக்கட்டும். வழக்கை நகர்த்துவது இறுதி வழியாகவே இருக்கட்டும். அதுவும் நலிந்தவனின் பாதுகாப்புக்காக மட்டும். அரச வாகனத்தில் வரக்கூடியவர் நீதிபதி. வன்னியின் ஏழைக்கு அந்த வாகனம் இல்லை.